எங்கள் வீட்டைப் பேய் வீடாக்கிய மாமன்

எங்கள் வீட்டில் பேய் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஏழெட்டு நாட்டுக்காரர்கள் அலைகிறார்கள். அவர்களை நம்ப வைத்த புண்ணியவான் எங்கள் மாமன், அம்மாவுக்கு ஒரே தம்பி. எழுத்தில் 'அவர்' என்றுதான் போட வேண்டும், போடுகிறேன். ஆனால் எனக்குப் பதினோரு வயதாக இருந்த அந்த அரையாண்டு விடுமுறையில் மனதுக்குள் 'அவன்', 'இவன்' என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட். அதில் வேலையாட்களுக்கு என்று கட்டிய லைன் வீடுகள் எட்டு, ஒன்றின் சுவரை இன்னொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். எங்களுடையது கடைசியிலிருந்து இரண்டாவது. ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, மேலே தகரம், வாசலில் தண்ணீருக்கு ஒரு நீல டிரம். எட்டு வீட்டுக் கதவுக்கும் ஒரே பச்சை. அம்மா பிறந்ததே அந்த வீட்டில்தான். அம்மாவைப் பெற்றவர்கள் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். அம்மா எஸ்டேட் வேலையை விடாததால் வீடும் கையை விட்டுப் போகவில்லை. குப்பனூரில் இருந்த அப்பா கல்யாணத்துக்குப் பிறகு மலையேறி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

மாமனும் அந்த வீட்டில் வளர்ந்தவர்தான். நன்றாகப் படித்தார், சேலத்தில் விடுதியில் தங்கினார், கோயம்புத்தூரில் கல்லூரி முடித்தார், பெங்களூரில் கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியில் வேலைக்குப் போனார். பிள்ளைகளுக்கு விளையாட்டு செய்து கொடுத்தால் அதற்குச் சம்பளம் உண்டு என்பதே எங்களுக்கெல்லாம் அதிசயம். எங்கள் லைனில் அவரைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் இல்லை. நான்தான் எல்லாரையும்விட அதிகமாகப் பேசினேன் என்பதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் வந்தபோது மாமன் வீட்டை விதவிதமாகப் போட்டோ எடுத்தார். கதவு, டிரம், தகரத்தின் அடிப்பக்கம், தரையில் விழுந்த வெயில் என்று எதையும் விடவில்லை. தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து எடுத்தார். நான் இரட்டைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு நின்று பார்த்தேன், என்னை மட்டும் எடுக்கவில்லை. பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியை நீட்டினார்.

“அக்கா, பாப்பாகிட்டச் சொல்லிட்டுப் போவியே, அதை ஒருக்கா இதுல சொல்லு.”

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். “பொட்டாட்ட இரு சாமி. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துர்றேன்.”

அழாமல் அமைதியாக இரு என்று தினமும் காலையில் என் தங்கச்சியிடம் சொல்லுகிற வார்த்தை அது. தங்கச்சிக்கு அப்போது நான்கு வயது. அதற்கு முன்னால் என்னிடம் சொன்ன வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு ஒரு முத்தம் கொடுத்துத்தான் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போவாள். அந்த வார்த்தை எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் சொந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் போய்ச் சேர்ந்ததும் அம்மா ஏதோ விளம்பரத்தில் வரப்போகிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

டிசம்பரில் மாமன் லேப்டாப்போடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் நின்றால் எதிரே சில்வர் ஓக் மரம் தெரியாத அளவுக்குப் பனி. அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். மாமன் அரிசி டின்னின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்ததும் அப்பா, பக்கத்து வீட்டு அத்தை, லைன் பிள்ளைகள் என்று பத்துப் பேர் கூடிவிட்டோம். பயமுறுத்துகிற கேம் அது என்றார். ஆள் இல்லாத ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, ஒரு காட்டைத் தாண்டினால், மூன்றாவதாக ஓர் இடம் வருமாம். அந்த இடத்தின் பெயர் 'லைன்'.

“விளையாடறவன் எல்லாம் இந்த எடத்துக்கு வந்தாத்தான் நடுங்கறான். பாதிப் பேரு இங்கயே நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிர்றான்” என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

திரையில் பனி. பனிக்குள் எங்கள் லைன். முதலில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். “எங்கூட்டு டிரம்மு! எங்கூட்டுக் கதவு!” என்று குதித்தேன். அப்புறம்தான் கவனித்தேன். எட்டுக் கதவு முடிந்து ஒன்பதாவது வந்தது, பத்தாவது வந்தது, நடக்க நடக்கப் பச்சைக் கதவுகள் முடியவே இல்லை. எதைத் திறந்து போனாலும் உள்ளே எங்கள் வீடுதான். பாய், அலுமினியத் தட்டில் ஆறிப்போன களி, மூடியிருக்கும் சன்னல். ஆனால் சன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது. கூரை கோயில் கூரைபோல எங்கேயோ மேலே இருந்தது. மனுஷர் ஒருவரும் இல்லை. கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தரையில் விழுந்து, மெல்ல மெல்ல நகர்ந்தது.

என் தங்கச்சி மாமனின் மடியில் இருந்தாள். அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டியது மாமன்தான். நான்கு வயதுப் பிள்ளையின் காதில்! கோயம்புத்தூரில் அத்தனை வருஷம் படித்த புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவள் காதில் என்ன கேட்டது என்பதை அன்றைக்கே பிறகு நானும் மாட்டிக் கேட்டேன். அம்மாவின் குரல். “பொட்டாட்ட இரு சாமி. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துர்றேன்.” உடனே வெளியே சங்கிலி மாட்டுகிற சத்தம். அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கூரைமேல் எதுவோ தடதடவென்று ஓடும், நிற்கும், தகரத்தைப் பிறாண்டும். மறுபடியும் அம்மாவின் குரல் அதே வார்த்தையைச் சொல்லும், கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தூரத்தில். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூரத்தில். கடைசியில் அது அம்மாவின் குரலா, அம்மாவைப்போல் பேசுகிற வேறு எதுவோவா என்று தெரியாது.

தங்கச்சி வீறிட்டு எழுந்து வெளியே ஓடினாள். ஹெட்போன் கம்பி இழுத்து லேப்டாப் டின்னிலிருந்து சாய்ந்தது. மாமன் லேப்டாப்பைப் பிடித்தார். பிள்ளையைப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா துணிக்கூடையோடு வந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டுக் கையை நீட்டி, “ஏஞ் சாமி, என்னாச்சு, வா” என்றாள். தங்கச்சி அந்தக் குரலைக் கேட்டதும் பின்னால் நகர்ந்தாள். டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டு, “வேண்டா, வேண்டா” என்று காதைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் கை அப்படியே நீட்டியபடி நின்றது. அந்தக் கையை நான் மறக்கவில்லை. மாமனை மன்னிக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான்.

அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று பக்கத்து வீட்டு அத்தையோடு படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல எட்டிப் பார்த்து, வழக்கமான வார்த்தையை ஆரம்பித்தாள். “பொட்டாட்ட” என்பதோடு நிறுத்திக்கொண்டாள், பிள்ளை அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துவிட்டது. அப்படியே வேலைக்குப் போனாள். காபிப் பழம் பறிக்கிற காலம், லீவு போட முடியாது.

இதற்குள் லைன் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கைப்பேசிகளில் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எவனோ ஒரு வெள்ளைக்காரன் அந்த கேமை விளையாடிக்கொண்டே தன்னைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கிறான், நாற்காலியிலிருந்து எகிறி அலறுகிறான், அப்புறம் சிரிக்கிறான். கீழே ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். நான் தினமும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற இடத்தைப் பார்த்து அலற அவனுக்கு என்ன இருக்கிறது? “பேயூட்டுக்காரி வர்றா, பேயூட்டுக்காரி” என்று பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். ஒருத்தன் கையைக் கடித்து வைத்தேன். ரத்தம் வந்தது, திருப்தியாக இருந்தது.

நேராக மாமனிடம் போனேன். அவர் வாசற்கல்லில் உட்கார்ந்திருந்தார். கேமில் இருக்கிற தப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி மூக்கை உடைக்க வேண்டும் என்பது என் திட்டம்.

“எங்கூட்டுச் சன்னல் அத்தனை ஒசரத்துல இல்லீங்க. நான் நின்னாவே எட்டும்.”

“உனக்கு எட்டும் கண்ணு.”

“தகரத்து மேல ஓடறது பேயில்லீங்க, கொரங்கு. தெனமும் ஓடுது. கொரங்குக்குப் போயி யாராச்சும் பயப்படுவாங்களா?”

“கொரங்குன்னு எனக்கு நொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது” என்றார்.

“ஆள் உள்ள இருக்கறப்போ வெளிய சங்கிலி போட்டா அவன் எப்பிடிங்க வெளிய வருவான்? இதுகூடத் தெரியாம கேம் பண்ணியிருக்கீங்க.”

“வர முடியாது கண்ணு. அதான் கேமு.”

இத்தனை மடத்தனமாக ஒரு பெரிய ஆள் பேசி நான் கேட்டதில்லை. இவனுக்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் பக்கத்து வீட்டு அத்தை பிடித்துக்கொண்டாள். பிள்ளை பயந்திருக்கிறது, பயந்த இடத்து மண்ணை எடுத்துச் சுற்றிப் போட்டால் தெளிந்துவிடும் என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். சுடுகாட்டுப் பாதையில் பயந்தால் அந்தப் பாதையின் மண், நாய் விரட்டிப் பயந்தால் நாய் நின்ற இடத்து மண், ஒரு ஆளின் கண் பட்டிருந்தால் அந்த ஆளின் காலடி மண். உப்பும் மிளகாயும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட வேண்டும்.

“பயந்தது அந்தப் பொட்டிக்குள்ளங்க. அதுல மண்ணுக்கு எங்க போறது?” என்றார் அப்பா. ஆனாலும் முயற்சி செய்து பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். லேப்டாப்பை ஒரு முறத்தின் மேல் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினார். எழுத்துப் பொத்தான்களின் இடுக்கிலிருந்து கொஞ்சம் தூசியும் பிஸ்கட் தூளும் விழுந்தன. “இதே போதும்ல?” என்று அத்தையைக் கேட்டார். அத்தை யோசித்தாள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

எனக்கு வேறு யோசனை இருந்தது. பயமுறுத்தியது யார்? மாமன். அப்படியானால் யாருடைய காலடி மண் வேண்டும்? வாசலில் ஈர மண்ணில் மாமனின் ஷூ தடம் வரி வரியாகப் பதிந்திருந்தது. நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, அந்தத் தடத்தை ஒரு வரிகூடச் சிதறாமல் சுரண்டி எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினேன். மாமன் பார்க்கும்படியாகவே நீட்டினேன்.

அம்மா அதை வாங்கவில்லை. மாமனைப் பார்த்து, “பாப்பா எந்த எடத்துல பயந்தான்னு எனக்குக் காட்டு” என்றாள். அம்மா அதுவரை அந்த கேமைப் பார்க்கவே இல்லை.

மாமன் தயங்கினார். “வேண்டாங்க்கா” என்றார். அம்மா அரிசி டின்னின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் திறந்தார். பனி வந்தது, கதவுகள் வந்தன, ஒரு கதவு திறந்தது, உயரமான சன்னல், களித்தட்டு, அம்மாவின் குரல். தன் குரலைக் கேட்டு அம்மா லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்புறம் சங்கிலிச் சத்தம் கேட்டது. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நகர்கிற வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் ஓடுகிற சத்தம் வந்தபோது திரையைப் பார்க்கவில்லை, மாமனைத் திரும்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

எழுந்து வெளியே போனாள். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். சங்கிலி மாட்டுகிற ஆள் எங்கே நிற்பாரோ அங்கே நின்றாள். ஒரு அடி பின்னால் வைத்து, தான் நின்ற தடத்திலிருந்தே ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுடைய காலடி மண்.

“அது உங்க காலுங்கம்மா! மாமன் கால் மண்ணு இந்தா இருக்குது!” என்று கத்தினேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அத்தை வீட்டிலிருந்து தங்கச்சியை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். அம்மா அவளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். பிறகு மாமனைக் கூப்பிட்டு, “நீயும் உக்காரு” என்றாள்.

இருபத்தேழு வயது ஆள், ஷூ போட்ட ஆள், பிள்ளையின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அம்மா மண்ணும் உப்பும் மிளகாயும் வைத்த கையை இரண்டு பேரையும் சேர்த்து மூன்று தடவை சுற்றினாள். தங்கச்சி துப்பினாள். மாமனுக்குத் துப்ப வரவில்லை, அழுகைதான் வந்தது. மீதியிருந்த மண்ணை அம்மா முதலில் அவர் நெற்றியில்தான் பூசினாள். “நாந்தான சாமி சங்கிலி போட்டேன்” என்றாள். “என்னையப் பாத்துத்தான நீ பயந்தே.”

“இல்லீங்க்கா. உன்னைய இல்ல” என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்தது என் தங்கச்சி, பயமுறுத்தியவனுக்கு முதல் பொட்டு! அம்மா கேமில் வருகிற சங்கிலியைச் சொல்கிறாள், கேமையும் நிஜத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன். கையிலிருந்த ஷூ மண்ணைத் தாளோடு சுருட்டி மாமனின் பைக்குள் போட்டேன், பெங்களூர் போய்ப் பிரித்துப் பார்க்கட்டும் என்று.

அடுப்பில் போட்ட மிளகாய்க்கு எல்லாரும் இருமினோம். அம்மா தங்கச்சியிடம் அந்த வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. “நான் எங்கயும் போகல சாமி” என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பிள்ளை மடிக்கு வந்தது.

எனக்குப் பதினாறு வயது ஆனபோதுதான் அம்மா மீதியைச் சொன்னாள். அவளுக்குப் பத்து வயது, மாமனுக்கு நான்கு. பெற்றவர்கள் இருவரும் காபிக் காட்டில். காலையில் தம்பிக்குக் களியைத் தட்டில் வைத்து, அதே வார்த்தையைச் சொல்லி, கதவைச் சாத்தி, வெளிச் சங்கிலியை மாட்டிவிட்டு அம்மாவும் உதிர்ந்த பழம் பொறுக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தியிருந்தார்கள். ஏழு மணிக்கு மாட்டிய சங்கிலியைத் திரும்பி வந்து கழற்ற நாலு மணி ஆகும். இரண்டு வருஷம், நாள் தவறாமல். எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று ஓர் அறை உண்டு, வாசலில் போர்டும் உண்டு. உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். பரிசோதிக்க ஆபீசர் வருகிற நாளில் மட்டும் மூட்டையை வெளியே எடுத்துவிட்டு நான்கு பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்களாம். நான் பதினோரு வயதில் பார்த்தபோதும் அந்தப் போர்டு இருந்தது, மூட்டையும் இருந்தது.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

சுற்றிப் போட்ட மறுநாள் காலை மாமன் சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அம்மா தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனாள். ஆள் கணக்கு எடுக்கிற நேரம். நான் பின்னால் போனேன். பஸ்ஸுக்கும் அதுவே வழி என்பதால் மாமனும் பையோடு வந்தார். கணக்கு எழுதுகிற ரைட்டர் பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“ஏம்மா, கொழந்தையத் தூக்கிட்டு வந்தா எப்பிடிப் பழம் பறிப்பே? ஊட்டுல உட்டுட்டு வா.”

அம்மா அந்த ரைட்டர் எதிரில் தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கத்தினாள். ஐம்பது பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“உட்டுட்டுன்னா எப்பிடிங்க? பூட்டி வெச்சுட்டு வரட்டுங்களா? போர்டு மாட்டி வெச்சிருக்கீங்கல்ல, அந்த ரூமத் தொறங்க! இப்பத் தொறங்க!”

“அதுல ஒரம் கெடக்குதும்மா...”

“மூட்டைய வெளிய போடுங்க. அது பனியில நனைஞ்சாச் சாகாது!”

மாமன் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அறைப் பக்கம் நடந்தார், பஸ் ஹாரன் கேட்டும் திரும்பவில்லை. எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் வீட்டைக் கெடுத்தவன், தங்கச்சிக்குக் காய்ச்சல் வர வைத்தவன் பத்தடி தூரத்தில் நிற்கிறான். அவனை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பாவமும் அறியாத ரைட்டரைப் பிடித்து இப்படிக் கத்துகிறாளே, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றேன்.